லட்சுமணசுவாமி முதலியாரின் இருபத்தேழு ஆண்டுகளும் சிவகாசிப் பிரதேசமும்

ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பேற்ற 1942-ஆம் ஆண்டில், ஜப்பானியர் குண்டு வீசுவர் என்ற பீதியால் சென்னை நகரம் பாதி காலியாகியிருந்தது. அப்பொறுப்பினின்றும் அவர் விடைபெற்ற 1969-ஆம் ஆண்டிலோ, தேசம் சுதந்திரம் பெற்று இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன, சென்னை ராஜ்யம் தமிழ்நாடு என்ற பெயரைப் பெற்றிருந்தது, காங்கிரஸ் ஆட்சி முடிந்து திராவிட முன்னேற்றக் கழகம் கோட்டையில் அமர்ந்திருந்தது. இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளும் கவர்னர்களும் மந்திரிசபைகளும் மாறிக்கொண்டே இருக்க, ஒரே மனிதர் ஒரே ஆசனத்தில் இருந்து, தென்னாட்டின் உயர்கல்விக்கு உருவமும் ஒழுங்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். 1857-இல் தோன்றிய அப்பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் அவருக்கு முன்னும் பின்னும் எவருக்கும் அத்தனை நீண்ட காலம் வாய்க்கவில்லை.

இத்தகைய ஒருவருடைய பணியை மதிப்பிடப் புகுவோர், வழக்கமாகச் சேப்பாக்கம் கடற்கரையில் நின்றுகொண்டே மதிப்பிட்டுவிடுகிறார்கள். அங்கே கட்டடங்கள் உண்டு, சிலைகள் உண்டு, பட்டமளிப்பு விழாக்களின் நினைவுகள் உண்டு. ஆகையால் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் கடற்கரையில் படித்தவர்கள் அல்லர். திருநெல்வேலியிலும் மதுரையிலும் விருதுநகரிலும் இருந்த இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்கள். அவர்களுக்குத் துணைவேந்தர் என்பவர் கண்ணால் கண்டறியாத ஒரு கையொப்பம் மாத்திரமே. அக்கையொப்பம் தொலைதூரத்து வறண்ட சீமையொன்றில் எதைச் சாதித்தது, எதைச் சாதிக்காமல் விட்டது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாராய்ச்சிக்கு விருதுநகரையும் சிவகாசியையும்விடப் பொருத்தமான பிரதேசம் வேறு எனக்குத் தோன்றவில்லை.

முதலியார் 1887-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி கர்நூலில் பிறந்தார். உடன் பிறந்த இரட்டையரான ராமசாமி முதலியார் அரசியலிலும் ராஜதந்திரத்திலும் புகழ் பெற்றார். இவர் வைத்தியத்தைத் தேர்ந்துகொண்டார். எழும்பூர்ப் பெண்கள் மருத்துவமனையின் தலைமை மருத்துவராக இருந்தார். 1939-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். 1938-இல் அவர் வெளியிட்ட பிரசவ மருத்துவ நூல், பிற்காலத்தில் இணையாசிரியர் மேனனின் பெயரும் சேர்ந்து, இன்றைக்கும் மருத்துவ மாணவர் கையில் இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிர்வாக சபைக்கு 1949-இலும், யுனெஸ்கோவின் நிர்வாக சபைக்கு 1954 முதல் 1956 வரையிலும் தலைமை வகித்தார். 1961-இல் உலக சுகாதாரப் பேரவையின் தலைவரானார். பத்ம விபூஷண் 1963-இல் கிடைத்தது. இந்தக் கௌரவங்களையெல்லாம் விரித்துரைப்பது எளிது. ஆயினும் நம்முடைய விஷயத்துக்கு அவை அவ்வளவு முக்கியமல்ல. ஒன்றை மாத்திரம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்: உயர்கல்வி நிர்வாகத்துக்கு அவர் கொண்டுவந்தது ஒரு மருத்துவருடைய சுபாவம். நோயாளி ஏழையோ பணக்காரரோ, சிகிச்சையின் முறை ஒன்றே என்று நம்புகிறவரின் கண்டிப்பும், அதற்குள் மறைந்திருக்கும் கருணையும் அவருடைய நிர்வாகத்தில் இரண்டறக் கலந்திருந்தன.

இனி விருதுநகருக்கு வருவோம். விருதுபட்டி என்று வழங்கி 1923-இல் விருதுநகர் என்று பெயர் பெற்ற இவ்வூரில், ஆறு கிடையாது, நஞ்சை கிடையாது; மிளகாய் வற்றலும் பருப்பும் எண்ணெயும் பருத்தியும் கைமாறும் சந்தை ஒன்றுதான் ஊரின் ஜீவாதாரம். கோயிலுக்குள் நுழையவும் பொதுத் தெருவில் நடக்கவும் தடைகளை அனுபவித்த நாடார் சமூகத்தார், இச்சந்தையில் விற்பனையாகும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை மகமை என்று ஒதுக்கி, உறவின்முறையின் பொதுநிதியில் சேர்த்தார்கள். அந்நிதியிலிருந்து பள்ளிக்கூடங்கள் எழுந்தன. 1899-இல் சிவகாசியில் நடந்த கொள்ளையும் கொலையும் அச்சமூகத்தாரின் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருந்தபோதும், பழிவாங்குவதில் செலவழித்திருக்கக்கூடிய ஆவேசத்தை அவர்கள் பள்ளிக்கூடம் கட்டுவதில் செலவழித்தார்கள் என்பது தமிழ்நாட்டுச் சமூக வரலாற்றில் மிகுந்த மரியாதையுடன் எழுதப்பட வேண்டிய செய்தி. விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலைக்காக வீடுதோறும் பெண்கள் உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து வைத்த கதையை இன்றும் ஊரில் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். பிடி அரிசியால் நடந்த அப்பள்ளியில் படித்துப் பாதியில் நின்றுவிட்ட ஒரு பையன்தான் 1954-இல் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சரானார். 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கிராமந்தோறும் பள்ளிகளைத் திறந்தார். அப்பள்ளிகளிலிருந்து வெளிவந்த பிள்ளைகளுக்கு அடுத்த படியாகக் கல்லூரி வேண்டியிருந்தது. காமராஜர் கீழிருந்து எழுப்பிய அந்த வெள்ளத்தை மேலே நின்று ஏற்றுக்கொள்ள வேண்டிய மதகு முதலியாருடைய கையில் இருந்தது.

அவர் அதை எவ்வாறு திறந்தார் என்பதற்கு ஒரு சம்பவம் சான்றாகும். 1947-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், சென்னை ராயப்பேட்டையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாக் கூட்டம் ஒன்றில் பேசிய முதலியார், செல்வந்தர்கள் தத்தம் ஊர்களில் கலைக்கல்லூரிகளைத் தொடங்க முன்வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். கூட்டத்தில் இருந்த அழகப்பச் செட்டியார் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார்; அடுத்த மாதமே கல்லூரி நடக்கத் தொடங்கியது. அதே 1947-ஆம் ஆண்டிலேயே விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி தோன்றியது. 1962-இல் அவ்வூரிலேயே வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி, 1963-இல் சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி என்று, மகமையும் தீப்பெட்டியும் பட்டாசும் ஈட்டிய செல்வம் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லூரிகளாக மாறியது. இவை யாவும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பைப் பெற்றே பிறந்தன.

இணைப்பு என்பது சாதாரண விஷயமாக இப்போது தோன்றலாம். அக்காலத்தில் அதன் பொருள் வேறு. பல்கலைக்கழகம் அனுப்பும் குழு வந்து நூலகத்தைப் பார்க்கும், ஆய்வுக்கூடத்தைப் பார்க்கும், ஆசிரியரின் யோக்கியதையை வினவும், மூலநிதி இருக்கிறதா என்று கணக்குக் கேட்கும். இவ்வளவுக்கும் உட்பட்டு இணைப்புப் பெற்ற கல்லூரியின் மாணவர், ஆண்டின் முடிவில் மாநிலக் கல்லூரி மாணவரும் லயோலாக் கல்லூரி மாணவரும் எழுதுகிற அதே வினாத்தாளை எழுதுவார். விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு எழுதியவருடைய ஊரும் தெரியாது, குலமும் தெரியாது. மூன்று தலைமுறைக்கு முன்பு கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, விருதுநகரில் இருந்துகொண்டே, சென்னை மயிலாப்பூர் வக்கீலின் மகனோடு ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டு அவனை வெல்லவும் முடிந்தது. சலுகையாக அன்றிச் சமமாக அளக்கப்படுவதில் ஒரு தனிக் கௌரவம் உண்டு. முதலியார் பரீட்சையின் தரத்தைத் தளர்த்த மறுத்தபோதெல்லாம் அவரைக் கடுமையானவர் என்று குறைகூறியவர்கள், அக்கடுமைதான் மொபசல் பட்டத்துக்கு மதிப்பைக் காப்பாற்றித் தந்தது என்பதைக் கவனிக்கவில்லை. அவருடைய சாதனைகளில் இதையே நான் முதலாவதாக வைப்பேன். ஆனால் இதே சாதனைதான், பின்னே காணப்போகும்படி, சிவகாசிக்கு ஒரு பெரிய தடையாகவும் முடிந்தது.

முதலியாருடைய ஆராய்ச்சித் துறைச் சாதனைகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அவர் எதைச் செய்ய வல்லவர் என்பது அங்கேதான் தெளிவாகிறது. 1944-இல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று பல்கலைக்கழகத்தின் சொந்த அங்கமாக எழுந்தது. வேதிப் பொறியியல், நெசவுத் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. 1948-இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அக்கல்லூரியின் பக்கத்திலேயே அடிக்கல் பெற்றது. ஒரு புறம் வகுப்பறை, மறு புறம் ஆய்வுக்கூடம், இரண்டுக்கும் அப்பால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் தொழிலாளரும் முதலாளிகளும்: இம்மூன்றையும் ஒரே இழையில் கோத்த ஏற்பாடு அக்கால இந்தியாவில் அபூர்வமானது. அதுவரை பரம்பரை அனுபவத்தால் மாத்திரம் நடந்துவந்த, சமூகத்தின் இழிசொல்லுக்கும் ஆளாகியிருந்த ஒரு தொழில், சாஸ்திர அந்தஸ்தைப் பெற்றது. தோல் பதனிடுகிறவரின் மகன் தோலின் ரசாயனத்தில் பட்டம் பெறலாம் என்ற நிலை வந்தது.

அதன் பயன் யாரும் எதிர்பாராத திசையிலும் விளைந்தது. 1952-இல் பௌதிகத் துறைக்குத் தலைமை ஏற்கும்படி முதலியார் சர். சி. வி. ராமனை அழைத்தார், ராமன் தாம் வர இயலாதென்று கூறி, தம் மாணவரான ஜி. என். ராமச்சந்திரனின் பெயரைச் சொன்னார். முப்பது வயது நிரம்பாத அந்த இளைஞரிடம் ஒரு துறையை முழுவதுமாக ஒப்படைத்த துணிவு சாமானியமானதன்று. அவ்வாண்டில் சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால், தோலுக்கும் தசைநாணுக்கும் ஆதாரமான கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்காமல் இருக்கிறது என்று பிரஸ்தாபித்தார். ராமச்சந்திரன் பக்கத்துத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் கங்காருவின் வால் தசைநாணைப் பெற்று வந்தார். அதிலிருந்து பிறந்ததுதான், 1954-இலும் 1955-இலும் அவரும் கோபிநாத் கர்த்தாவும் வெளியிட்ட முப்புரிச் சுருள் அமைப்பு. புரதங்களின் வடிவத்தை ஆராயும் எவரும் இன்றும் கையாளும் ராமச்சந்திரன் வரைபடம் 1963-இல் வந்தது. 1967-இல் சென்னையில் அவர் கூட்டிய சர்வதேச மாநாட்டுக்கு லைனஸ் பாலிங் வந்திருந்தார். தோல் என்ற எளிய தொழிற்பொருள் ஒன்றின் அருகே ஆய்வுக்கூடத்தை வைத்ததால், உயிரியலின் அடிப்படை ரகசியங்களில் ஒன்று சென்னையில் அவிழ்ந்தது. இதில் துணைவேந்தரின் பங்கு, தகுதியானவரைத் தேடிப் பிடித்ததும், கேட்டதைக் கொடுத்ததும், பிறகு குறுக்கிடாமல் இருந்ததுமே. மூன்றாவது மற்ற இரண்டைவிடக் கடினமானது.

இங்கேதான் சிவகாசி நம்முன் வந்து நிற்கிறது.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுத் திரும்பி, மழை பொய்க்கும் அச்சீமைக்குப் புதியதொரு பிழைப்பைக் கொடுத்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழில் வந்தது. வெடிபொருள் விதிகள் 1940-இல் வகுக்கப்பட்டு உரிமம் வழங்கும் முறை ஏற்பட்டபின், யுத்தத்தால் அந்நியச் சரக்கும் நின்றுபோகவே, பட்டாசுத் தொழில் வேரூன்றியது. இன்று இந்தியாவில் வெடிக்கும் பட்டாசுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு இப்பிரதேசத்தினுடையவை. விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் உண்டு. ஊரார் இவற்றைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்றே சொல்வார்கள். அங்கே நடப்பது முழுக்க முழுக்க ரசாயனம். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் பேரியம் நைட்ரேட்டும் எந்த விகிதத்தில், எந்த ஈரப்பதத்தில், எத்தனை நேரம் கலந்திருக்கலாம் என்பது ஓர் உயிர்ப் பிரச்சினை. அலுமினியப் பொடி சேர்ந்த கலவையில் நீர் பட்டால் உள்ளுக்குள் வெப்பம் பிறந்து வளர்கிறது. முதல் நாள் மிச்சம் வைத்த மருந்து மறு நாள் காலையில் தானே வெடிக்கிறது. மருந்து நீர்த்துப்போய் வெடித்தது என்று ஊரில் சொல்வது இதைத்தான். மருந்து அலசும்போதும் செலுத்தும்போதும் நேரும் உராய்வு மற்றொரு காரணம். இந்த ரசாயனத்தை அறிந்தவர் போர்மேன். அவர் அறிந்தது தம் ஆசானின் கையைப் பார்த்து. கலவையின் விகிதம் ஒவ்வோர் ஆபீசுக்கும் தனி ரகசியம். முதலியார் காலத்தில் இதற்கு எழுதிவைத்த நூல் இல்லை, கற்பிக்கும் வகுப்பு இல்லை, பரிசோதிக்கும் கூடம் இல்லை. தோலுக்குக் கிண்டியில் நடந்தது தீக்குச் சிவகாசியில் நடக்கவில்லை.

இதைக் குறையாகச் சொல்வதற்கு முதலியாருடைய எழுத்தே நமக்கு உரிமை தருகிறது. 1952 செப்டம்பரில் இந்திய அரசாங்கம் நியமித்த இடைநிலைக் கல்விக் கமிஷனுக்கு அவரே தலைவர். அதன் அறிக்கை 1953 ஆகஸ்டில் சமர்ப்பிக்கப்பட்டது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே ஏட்டுக்கல்விப் பாதையில் ஓட்டாமல், விஞ்ஞானம், தொழில்நுட்பம், வாணிபம், விவசாயம் முதலிய பலவகைப் பாடங்களை அளிக்கும் பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்று அது கூறியது. தொழிற்பள்ளிகள் கூடியவரையில் அந்தந்தத் தொழில் நடக்கும் இடத்துக்கு அருகிலேயே அமைந்து, அத்தொழிலோடு கூட்டாக இயங்க வேண்டும் என்று கூறியது. அதற்கான பொருளைத் திரட்டத் தொழில்கள்மீது கல்வித் தீர்வை ஒன்று விதிக்கலாம் என்றும் சிபாரிசு செய்தது. இந்தச் சிபாரிசைப் படிக்கும்போது எனக்கு விருதுநகர் மகமைதான் நினைவுக்கு வருகிறது. டெல்லியில் கமிஷன் கூடி யோசித்துச் சொன்ன வழியை, இச்சீமையின் வணிகர்கள் சட்டத்தின் கட்டாயம் எதுவும் இன்றித் தாமாகவே அரை நூற்றாண்டுக்கு மேலாக நடத்திக்கொண்டிருந்தார்கள். தொழிலும் இருந்தது, தீர்வையும் இருந்தது, கல்லூரியும் இருந்தது. மூன்றையும் இணைக்கும் ஒரு பாடத்திட்டம் மாத்திரம் இல்லை.

ஏன் இல்லை? துணைவேந்தரின் அசிரத்தை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது நியாயமாகாது. மேலே புகழ்ந்த பொது வினாத்தாளே இங்கே குறுக்கே நின்றது. பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம். அதிலிருந்து ஒரு வரி விலகவும் இணைப்புக் கல்லூரிக்கு அதிகாரம் கிடையாது. சிவகாசிக் கல்லூரியின் ரசாயன ஆசிரியர், தம் வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே இரண்டு மைல் தூரத்தில் கலக்கப்படும் மருந்தைப் பற்றி ஒரு பாடம் நடத்த விரும்பியிருந்தாலும், பரீட்சையில் அதற்கு இடமில்லை. சமத்துவத்தைத் தந்த ஏற்பாடே சுதந்திரத்தைத் தராமல் இருந்தது. தொழில்நுட்பக் கல்வி என்றால் தலைநகரில் நிகழ வேண்டிய விஷயம் என்ற அக்காலத்து எண்ணமும் அதனோடு சேர்ந்தது. முதலாளிகளும் தங்கள் கலவை ரகசியம் வகுப்பறைக்குப் போவதை விரும்பியிருக்க மாட்டார்கள். அரசாங்கமோ வெடிபொருளைக் கண்காணிக்கப்பட வேண்டிய அபாயமாகக் கண்டதே தவிர, ஆராயப்பட வேண்டிய சாஸ்திரமாகக் காணவில்லை. இவ்வாறு ஒருவரும் தீங்கு நினையாமலே ஒரு பெருந்தீங்கு நேர்ந்தது.

அத்தீங்கின் அளவைச் சொல்லாமல் தாண்டிவிட முடியாது. பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள் விடியுமுன் வண்டியேறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன ஆண்டுகள் பல. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்புக் கூற வேண்டியிருந்தது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி, ஆசிரியர் தினத்தன்று, முதலிபட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் இச்செய்தி வந்துகொண்டே இருக்கிறது. மாண்டவர்களில் பெரும்பாலோர் வாரச் சம்பளத்துக்கு வேலை செய்த ஆண்களும் பெண்களும். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் உரிமம் ரத்தாகிறது, வழக்குப் பதிவாகிறது, நிவாரணம் அறிவிக்கப்படுகிறது. கல்வி என்ற சொல் அந்த அறிவிப்புகளில் இடம்பெறுவது அபூர்வம். பட்டாசுக் கலவைகளின் வெப்ப அபாயத்தை முறையாக அளந்தறிந்த இந்திய ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்க சில, பிற்காலத்தில் சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்தன. முதலியார் காலத்தில் நட்ட விதை, அரை நூற்றாண்டு கழித்து, மிகத் தாமதமாக, சிவகாசியின் திசையில் ஒரு கிளை நீட்டியது.

மொழி விஷயத்திலும் இதே இரட்டைத் தன்மை காணப்படுகிறது. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமே பயிற்றுமொழியாக நீடிப்பதை விரும்பியவர் அவர். அந்த அபிப்பிராயம் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்த மொபசல் மாணவரை எவ்வளவு வாட்டியது என்பதை அவர் போதுமான அளவு உணர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அ. சிதம்பரநாதன் செட்டியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்ட ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் அவருடைய காலத்திலேயே பல்கலைக்கழக வெளியீடாக வந்து, தமிழில் எழுதவும் கற்பிக்கவும் முனைந்தவர்களுக்கு இன்றுவரை துணையாக இருந்துவருகிறது. இன்டர்மீடியட் வகுப்பு போய்ப் புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் வந்தது முதலிய சீர்திருத்தங்களை இங்கே பெயரளவில் குறித்தால் போதும்.

1966-ஆம் ஆண்டு பிப்ரவரியில், இன்று மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப்படும் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றி, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கல்லூரிகள் அதன் ஆளுகைக்குள் போயின. அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த விருதுநகரும் சிவகாசியும் அவற்றோடு சென்றன. முதல் துணைவேந்தர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார், 1971-இல் அவருக்குப் பின் மு. வரதராசனார். இருவரும் பெரும் தமிழறிஞர்கள். மதுரையில் அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியதும் 1971-இல்தான். பகலில் அச்சகத்திலும் கணக்கு மேசையிலும் வேலை பார்த்துக்கொண்டே இரவில் பாடம் படித்துப் பட்டம் பெற்றோர் சிவகாசியில் அநேகர். முதலியார் பதவியில் இருந்தபோதே அவருடைய பல்கலைக்கழகத்தின் தென்பகுதி இப்படித் தனியே பிரிந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து அவரும் விடைபெற்றார். எண்பத்திரண்டை நெருங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின் வந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு, காமராஜரின் கல்வித் திட்டங்களை இயக்குநராக இருந்து நிறைவேற்றியவர். கீழிருந்து வெள்ளத்தை எழுப்பத் துணைநின்றவரே மதகுக்கும் பொறுப்பேற்றது பொருத்தமான மாற்றமென்றே கருதுகிறேன். ஆனால் முதலியார் விலகிய மறு ஆண்டே, 1970-இல், ராமச்சந்திரன் சென்னையை விட்டுப் போய்விட்டார். பின்னர் பெங்களூரில் பணியைத் தொடர்ந்தார். இந்நிகழ்ச்சியை முதலியாருடைய பெருமைக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். எனக்கோ அது அவருடைய நிர்வாகத்தின் பலவீனத்துக்கும் சான்றாகப்படுகிறது. ஒரு தனி மனிதருடைய ஆதரவின் நிழலில் வளர்ந்த துறை, அந்நிழல் அகன்றதும் தளர்ந்துபோகுமானால், அந்த ஆதரவு ஸ்தாபனத்தின் விதியாக மாற்றப்படவில்லை என்றுதானே பொருள்? இருபத்தேழு ஆண்டு நீண்ட ஆட்சியில் இந்த அபாயம் எப்போதும் உண்டு. எல்லோரும் அவரையே பார்த்துப் பழகிவிடுகிறார்கள். அவர் போனபின் பார்க்க வேண்டியது எது என்று எவருக்கும் தெரிவதில்லை. முதலியார் 1974 ஏப்ரலில் காலமானார். அவர் பெயரால் தரமணியில் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையம் இருக்கிறது. கல்லூரிகளுக்கிடையே தடகளப் போட்டிக் கோப்பை இருக்கிறது. அவர் எழுதிய கமிஷன் அறிக்கையின் தொழிற்கல்விப் பகுதி நிறைவேறாமல் இருக்கிறது.

இப்போது நிலை சற்று மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி முறை 1978-இல் சென்னையிலும் மதுரையிலும் தொடங்கி, பின்னர் சிவகாசிக் கல்லூரிகளுக்கும் வந்து, பாடத்தைத் தாமே வகுக்கும் அதிகாரம் அவற்றுக்குக் கிடைத்துவிட்டது. 1984-இல் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி சிவகாசிக்கு அருகே எழுந்தது. பட்டாசுக்கு வேண்டிய அலுமினியப் பொடியைத் தயாரிக்கும் தொழில்குடும்பமே அதை நிறுவியது. வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் பட்டாசு ஆராய்ச்சி மையம் ஒன்றும் சிவகாசியில் இருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடுத்துப் பசுமைப் பட்டாசை மாத்திரம் அனுமதித்தபோது, புதிய கலவைகளை வகுத்துக் கொடுத்தது நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம். நூறாண்டு தீயோடு வாழ்ந்த ஊர், தன் தொழிலுக்குரிய விஞ்ஞானத்துக்கு நாகபுரியை எதிர்பார்க்க வேண்டியிருந்தது; சிவகாசியைச் சுற்றி இத்தனை கல்லூரிகள் இருந்தும் இப்படி நேர்ந்தது என்பது நாம் வருந்த வேண்டிய விஷயம்.

துணைவேந்தர் ஆசனமோ வேறு வகையில் சோதனைக்கு ஆளாகியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் 2024-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அது காலியானது. நியமிக்கும் அதிகாரம் ஆளுநருக்கா அரசாங்கத்துக்கா என்ற சர்ச்சை நீதிமன்றம் ஏறியது. நெடுங்காலம் குழுக்களே நிர்வாகத்தை நடத்தின. முன்பு ஒருவரே இருபத்தேழு ஆண்டு இருந்தது மிகை என்றால், ஒருவருமே இல்லாதிருப்பது அதைவிடப் பெருங்கேடு.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பொறுப்பை இனி ஏற்று நடத்துகிறவர் எவராயினும், அவரிடத்தும் சிவகாசித் தொழிலதிபர்களிடத்தும் ஒரு வேண்டுகோள். மகமையின் மரபு இன்னும் அழிந்துவிடவில்லை, கல்லூரிகள் இருக்கின்றன, சுதந்திரமாகப் பாடம் வகுக்கும் அதிகாரமும் இருக்கிறது. வெடிமருந்து ரசாயனத்துக்கும் தொழிலாளர் பாதுகாப்புக்கும் சிவகாசியிலேயே ஒரு துறையை நிறுவி, தமிழில் பாடநூல் எழுதி, மருந்து அறையில் நிற்கிற போர்மேனும் அவருடைய மகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து கற்று, பட்டமோ சான்றிதழோ பெறும்படி செய்யுங்கள். முதலியாரின் கமிஷன் 1953-இல் கேட்டதும் இதையே.